அம்மப்பாவின் வீட்டை அருங்காட்சியகமாக்க: முதலில் காணி உறுதி, அடுத்தது கூரை

வாசகி கேட்டது: கொக்குவிலில் எங்கள் அம்மப்பா 1938இல் கட்டிய மாடி வீடு இருக்கிறது. கொழும்பிலிருந்து ஒரு கட்டடக் கலைஞரை அழைத்து வரைபடம் போட்டுக் கட்டியது. அந்த நீல வரைபடங்கள் இன்னும் றங்குப் பெட்டியில் கிடக்கின்றன. சகோதரங்கள் நால்வரில் நான் மட்டும்தான் இங்கே, மற்றவர்கள் கனடாவிலும் லண்டனிலும். விற்க ஒருவருக்கும் மனமில்லை. ஊருக்குப் பொதுவான அருங்காட்சியகமாக்க விரும்புகிறோம். எங்கே தொடங்குவது? தொல்பொருள் திணைக்களத்திடம் ஒப்படைத்துவிடலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். இப்போதைக்கு அது கைகூடாது, கைகூடினாலும் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றையே புராதனச் சின்னம் என்று கொள்கிறது. அதற்குப் பிந்திய கட்டடங்களில் பொதுவாக நூறு வயது கடந்தவைதான் வர்த்தமானியில் வருகின்றன. உங்கள் வீட்டுக்கு அந்த வயது இன்னும் ஆகவில்லை. அறிவித்தாலும் வீடு தானாக நின்றுவிடாது. நல்லூரில் இருக்கிற பழைய மாளிகையான மந்திரி மனை பாதுகாக்கப்பட்ட சின்னம்தான். அது தனியார் உரிமையில் கிடந்து சிதைந்ததை நாம் எல்லாரும் வீதியால் போகும்போது பார்த்துக்கொண்டேதான் இருந்தோம். மழைக்கு ஒரு பகுதி இடிந்தும் போனது. வீடு யாருடைய பொறுப்பு, ஆண்டுதோறும் யார் செலவழிப்பது என்ற இரண்டிலும் தெளிவில்லாவிட்டால் எந்தப் பலகையும் காப்பாற்றாது.

ஆகவே கண்ணாடிப் பெட்டியும் பெயர்ப்பலகையும் பிறகு. முதலில் காணி உறுதியை (உரிமைப் பத்திரத்தை) எடுத்து வையுங்கள். அம்மப்பா கட்டிய வீடு என்று எல்லாரும் சொன்னாலும், காணி அம்மம்மாவின் சீதன உறுதியில் இருக்கக்கூடும். யாழ்ப்பாணத்தில் இது சர்வசாதாரணம். சீதனக் காணி, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி அவருடைய தனிச் சொத்து. அவருக்குப் பின் அது யார் யாருக்கு இறங்கியது என்பதைக் காணிப் பதிவகத்தில் உறுதி எழுதும் ஒரு நல்ல நொத்தாரிசைக் கொண்டு தேடுவியுங்கள். நால்வர் என்று நீங்கள் நினைத்திருக்க, மாமா ஒருவரின் பிள்ளைகளுக்கும் பங்கிருப்பது அப்போதுதான் தெரியவரலாம்.

தேசவழமைக்கு உட்பட்ட, மணமான சகோதரி தன் பங்கை எழுதிக் கொடுக்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதத்தையும் நொத்தாரிசு கேட்பார். 1911ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. பெண்களுக்கு நியாயமான ஏற்பாடு இல்லை என்பதே என் எண்ணம், ஆனாலும் அதைக் கவனிக்காமல் விட்டால் உறுதி செல்லாமல் போய்விடும். ஒருவர் மனம் மாறி வெளியாருக்கு விற்கப் பார்த்தால், 1947ஆம் ஆண்டின் முன்கொள்வனவுச் சட்டம் மற்றப் பங்காளருக்கு வாங்கும் முன்னுரிமை தருகிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் சார்பில் கையெழுத்திட இங்குள்ள ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பலாம். இன்னொன்று: வீட்டைப் பார்த்துக்கொள்ள யாரையாவது இருத்தியிருந்தால் அவருடன் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் வையுங்கள். பத்து ஆண்டுகள் உரிமையாளருக்கு எதிராகத் தடையின்றி வைத்திருந்தவர் நீதிமன்றத்தில் உரிமை கோரலாம். நல்ல மனிதர்களுக்கிடையில்கூட இது வழக்காகியிருக்கிறது.

பங்குகள் தெளிவானதும் நால்வருமாக வீட்டை ஒரு தரும நம்பிக்கைப் பொறுப்புக்கு (trust) எழுதிக் கொடுங்கள். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இதைச் செய்யலாம். அந்த உறுதியில் மூன்று விடயங்களை விடாதீர்கள். வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது என்பது ஒன்று. பொறுப்பாளர்களில் பெரும்பான்மையோர் யாழ்ப்பாணத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. மூன்றாவது, அருங்காட்சியகம் நடத்த முடியாமல் போனால் வீடு எந்தப் பொது நிறுவனத்துக்குப் போகும் என்பது. மூன்றாவதை எழுதத்தான் குடும்பங்கள் தயங்குகின்றன, ஆனால் அதுதான் பேரப்பிள்ளைகள் காலத்தில் வீட்டைக் காக்கும்.

நம் நாட்டிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 2003இல்தான் காலமானார். அவர் பெயரிலான நம்பிக்கைப் பொறுப்பு 1982இலேயே உருவாகிவிட்டது. கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் அவர் வாழ்ந்த 11ஆம் இலக்க வீட்டை இன்று முன்பதிவு செய்து, வழிகாட்டியுடன் சுற்றிப் பார்க்கலாம். அதே வீட்டின் ஒரு பகுதியில் தங்குவதற்கு வாடகை கொடுத்து விருந்தினர் வருகிறார்கள். நீங்களும் இப்படிச் செய்ய வேண்டும் என்பேன். நுழைவுச்சீட்டை மட்டும் நம்பினால் ஓடு மாற்றக்கூடப் பணம் வராது. பின்கட்டை ஆய்வுக்கு வருகிறவர்கள் தங்கவும், விறாந்தையைச் சிறு நிகழ்வுகளுக்கும் விடுங்கள்.

சரி, இனிக் கூரை. ஒரு திருப்புளியோடு மேலே ஏறுங்கள். கைமரம் சுவரில் வந்து உட்காரும் முனையில் அதைக் குத்திப் பாருங்கள். இறங்காமல் நின்றால் மரம் நல்லது. விரல் நீளத்துக்கு இறங்கினால் அந்த முனைக்குள் கறையானோ ஈரமோ வேலை செய்துவிட்டது. வெளியில் இருந்து பார்க்க மரம் முழுதாகத்தான் தெரியும், அதனால்தான் குத்திப் பார்க்கச் சொல்கிறேன். இரண்டு கூரைகள் சந்திக்கும் இடத்துப் பீலிக்குக் கீழே உள்ள சுவரை விரல் முட்டியால் தட்டுங்கள். பொள்ளென்று கேட்டால் பூச்சு சுவரை விட்டுவிட்டது. மாற்றுகிற ஓடுகளை வீசிவிடாதீர்கள். சிலவற்றின் அடியில் மங்களூர், கள்ளிக்கோட்டை ஆலைகளின் முத்திரை இருக்கும். இடிக்கிற பழைய வீடுகளில் இருந்து அதே அளவு ஓடு இப்போதே வாங்கி அடுக்கிவையுங்கள்.

சுவர் சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக இருந்தால், பெயர்ந்த இடத்தில் சீமெந்து பூச ஒருவரையும் விடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும், சீமெந்து அதை உள்ளேயே அடைத்துவிடும். உப்புப் பூத்து, பூசிய இடத்துக்குப் பக்கத்தில் புதிதாகப் பெயரும். மேசன்மார் சீமெந்துதான் நிற்கும் என்பார்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு பழைய மேசனைத் தேடிப் பிடியுங்கள், அவரிடம் இரண்டு இளம் பிள்ளைகளை வேலை பழக விடுங்கள். கொங்கிறீட் சன்சேட் வெடித்திருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. அதைப் பொறியியலாளர் பார்க்காமல் தொடக்கூடாது.

றங்குப் பெட்டிக்கு வருவோம். உங்களிடம் இருக்கிற பெரிய செல்வம் அந்த நீல வரைபடங்கள். வெளிச்சம் பட்டால் அவை மங்கும். சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டாம், லமினேட் செய்ய வேண்டாம், கிழிசலுக்கு ரேப் ஒட்ட வேண்டாம். தட்டையாக விரித்து இருட்டில் வைத்து, மின்படி எடுத்துவிடுங்கள். நூலகம் நிறுவனம் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வருகிறது, அவர்களிடம் கேட்கலாம். மாட்டுவதற்கு அந்தப் படி போதும்.

பிறகு படியைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடவுங்கள். எந்த யன்னல் சோழகக் காற்றுக்குத் திறந்தது, எந்தச் சன்சேட் வாடைக்காலச் சாரலை மறித்தது, எந்த விறாந்தையைப் பிற்காலத்தில் அடைத்து அறையாக்கினார்கள் என்பதெல்லாம் தெரியவரும். அருங்காட்சியகத்தில் காட்ட வேண்டியது இதுதான். பழைய கிராமபோனும் வெற்றிலைத் தட்டமும் நூறு வீடுகளில் உண்டு. காற்றுக்கும் மழைக்கும் ஒரு கட்டடக் கலைஞர் யோசித்துச் செய்த பதில் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. 1995 இடப்பெயர்வுக்குப் பின் கழற்றிச் செல்லப்பட்ட கதவு ஒன்றின் வெறும் நிலையோ, ஷெல் துண்டு பட்ட சுவரோ இருந்தால் ஓர் இடத்தையாவது அப்படியே விடுங்கள். முழுவதையும் புதுக்கினால் வீடு பொய் சொல்லும்.

மாடியின் பலகைத்தளம் ஒரு குடும்பம் நடமாடப் போட்டது. ஒரு பாடசாலை வகுப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் ஏற்றாதீர்கள். எத்தனை பேர் என்பதைப் பொறியியலாளர் சொல்லட்டும். பழைய வயரிங்கை முழுவதும் மாற்றுங்கள். கழிவறையை முற்றத்துக்கு அப்பால் தனியாகக் கட்டுங்கள், அதற்கு மாநகரசபையிலோ பிரதேசசபையிலோ அனுமதி வேண்டும். குளிரூட்டி வேண்டாம்.

ஆண்டு முழுவதும் திறந்து வைக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரைதான். அந்த மாதங்களில் பூட்டி வைத்து ஒழுக்குப் பாருங்கள். வெளிநாட்டுச் சனம் வருகிற ஆடி, ஆவணியில், நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கட்டாயம் திறவுங்கள்.

உங்கள் சகோதரங்களும் அந்தத் திருவிழாவுக்கு வருவார்களென்றால், அவர்கள் திரும்பு முன் நால்வருமாக ஒரே நாளில் நொத்தாரிசிடம் போய்விடுங்கள். கையெழுத்துகளை ஒவ்வொன்றாகத் தபாலில் சேர்ப்பதைவிட அது மிகச் சுலபம். ஓட்டு வேலைக்காரரை அதுவரை காக்க வைக்காமல் இந்தக் கிழமையே கூப்பிடுங்கள். ஒழுகுகிற பீலியைத் திருத்த நம்பிக்கைப் பொறுப்பு தேவையில்லை.