பதில்: பார்வையற்ற சிறப்பு விருந்தினரை மேடையில் எப்படி அறிமுகம் செய்வது?

வணக்கம்ங்க. உங்கள் குடியிருப்புச் சங்க ஆண்டு விழாவில் இணைய மோசடி பற்றிப் பேச வரும் வங்கி மேலாளருக்காக நீங்கள் எழுதிய அறிமுகத்தைப் படித்தேன். "கண் பார்வை இழந்து அவதிப்பட்டாலும் ஊனத்தை வென்று சாதித்தவர்" என்ற வரியை அப்படியே எடுத்துவிடுங்கள். எந்த வங்கி, எத்தனை வருட அனுபவம், என்ன பேசப்போகிறார், இது போதும். மற்ற விருந்தினரின் சர்க்கரை வியாதியை மைக்கில் சொல்வோமா என்ன?

2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், திரைப்படங்களில் மாற்றுத்திறனாளிகளைக் காட்டும் விதம் பற்றிய தீர்ப்பில், 'அவதிப்படுபவர்' போன்ற சொற்களைத் தவிர்க்கச் சொன்னது. சினிமாவுக்குச் சொன்னதுதான், நமக்கும் பொருந்தும்.

பார்வையைக் குறிப்பிட்டே ஆகவேண்டும் என்றால் அவருக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அரசு 'மாற்றுத்திறனாளி' என்கிறது. 'பார்வையற்றவர்' என்று நேராகச் சொல்வதை விரும்புவோரும் உண்டு. 'குருடர்' வேண்டவே வேண்டாம்.

அறிமுகத்தைவிட மேடைதான் எனக்குக் கவலை. கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். அரை அடி முன்னால் நடங்கள், படி வருமுன் சொல்லுங்கள். பொன்னாடை போர்த்துபவர் "சார், பொன்னாடை போர்த்துறேன்" என்று சொல்லிவிட்டுப் போர்த்தட்டும். திடீரென்று தோளில் துணி விழுந்தால் யாருக்கும் தூக்கிவாரிப்போடும்.

அப்புறம், "சாருக்குக் காபியா, டீயா?" என்று கூட வந்தவரிடம் கேட்கிற பழக்கம் நம்மூரில் உண்டு. உபசரிக்கும் பையன்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: அவரிடமே கேட்கலாம், அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.