விண்டோஸ் இருக்கும் வன்வட்டிலேயே லினக்ஸையும் நிறுவ எப்படிப் பிரிப்பது?

விண்டோஸை அழிக்காமலே செய்யலாம். முதலில் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள். இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் மீட்புச் சாவியையும் குறித்துவையுங்கள்.

அப்புறம் விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் சி டிரைவின் மேல் வலது கிளிக் செய்து 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுங்கள். அளவை எம்.பி.யில் கேட்கும்: 50 ஜி.பி. வேண்டுமென்றால் 51200. காலி இடம் நிறைய இருந்தும் கொஞ்சம்தான் குறைக்க முடியும் என்று காட்டினால், நகர்த்த முடியாத கோப்பு ஏதோ நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பல நேரம் அது ஹைபர்னேஷன் (நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் சேமித்துவிட்டுக் கணினியை அணைப்பது) கோப்புதான். ஹைபர்னேஷனை நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். விண்டோஸை வேகமாகத் துவக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் அதோடு நின்றுவிடும், அது நல்லதே.

கறுப்புப் பட்டையோடு 'அன்அலோகேட்டட்' என்று தெரியும் இடத்தை அப்படியே விடுங்கள். லினக்ஸ் நிறுவும்போது அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். பூட் கோப்புகள் இருக்கும் இ.எஃப்.ஐ. பகிர்வை மட்டும் ஃபார்மேட் செய்யாதீர்கள், விண்டோஸ் பூட் ஆகாது.