வீட்டில் வைக்கும் சாம்பார், பொரியலுக்குக் கலோரியைச் சரியாகக் கணக்கிடுவது எப்படி?

முதல் வேலையாக ஆப்பில் 'சாம்பார், ஒரு கப்' என்று தேடுவதை நிறுத்துங்கள். ஒரு ஆப் ஓர் எண்ணும் இன்னொன்று அதைப் போல இரண்டு மடங்கும் காட்டுகிறது என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அது யாரோ ஒருவர் வீட்டுச் சாம்பாரின் கணக்கு, அவ்வளவுதான். அவர் எவ்வளவு பருப்பு போட்டார், எவ்வளவு தண்ணீர் விட்டார், தாளிக்க எவ்வளவு எண்ணெய் ஊற்றினார் என்று நமக்கு எப்படித் தெரியும்? உங்கள் வீட்டுச் சாம்பாருக்கு உங்கள் அடுப்படியில்தான் கணக்கு போட முடியும், அது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

ஒரு டிஜிட்டல் தராசு போதும். 1 கிராம் வரை காட்ட வேண்டும், 5 கிலோ வரை தாங்க வேண்டும். தராசு வந்ததும் நீங்கள் தினமும் சமைக்கும் குக்கர் (மூடி இல்லாமல்), வாணலி, குழம்புச் சட்டி எல்லாவற்றையும் காலியாக எடை போட்டு, ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். இதைச் செய்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

இப்போது சாம்பார். துவரம்பருப்பு 100 கிராம், வேகாத எடை, சுமார் 340 கலோரி. தாளிக்க ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், அது 14 கிராம், கிராமுக்கு 9 கலோரி வீதம் 126. சின்ன வெங்காயம், தக்காளி, முருங்கைக்காய், புளி, சாம்பார் பொடி எல்லாம் சேர்த்து 140, 150 வரும். ஆக மொத்தம் 610 என்று வையுங்கள். இறக்கியதும் சட்டியோடு தூக்கித் தராசில் வைத்து, சட்டியின் எடையைக் கழித்தால் 1200 கிராம் வருகிறது என்றால், 100 கிராம் சாம்பார் 51 கலோரி. நீங்கள் 200 கிராம் ஊற்றிக்கொண்டால் 102. வீட்டில் நான்கு பேர் அதே குழம்பைச் சாப்பிட்டாலும் பதினான்கு பேர் சாப்பிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது, உங்கள் தட்டில் விழுவதை மட்டும் எடை போட்டால் சரி. ஆனால் ராத்திரி அதையே சுடவைத்துச் சாப்பிடும்போது தண்ணீர் வற்றிக் கெட்டியாகியிருக்கும். அப்போது 100 கிராமுக்கு 51 இருக்காது, கூடத்தான் இருக்கும், மீதியை மறுபடி ஒரு தடவை எடை போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பீன்ஸ் பொரியல். எல்லாரும் இதைத்தான் 'காய்தானே' என்று கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பீன்ஸ் கால் கிலோ வெறும் 80 கலோரி. அதற்கு இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டால் 250. மேலே தூவுகிற தேங்காய்த்துருவல் 40 கிராம் என்றால் அது ஒரு 150. மொத்தம் 480, அதில் பீன்ஸின் பங்கு ஆறில் ஒன்று! அதனால் காயை நிறுக்க மெனக்கெடாதீர்கள், வெண்டைக்காய் 50 கிராம் கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் ஆகாது (உருளை, சேனை, வாழைக்காய் மட்டும் வேறு). எண்ணெய், நெய், தேங்காய், அரிசி, பருப்பு, வேர்க்கடலை, முந்திரி, சர்க்கரை, வெல்லம், இவற்றில் ஒரு கிராமைக்கூட விடாதீர்கள்.

எண்ணெயை எப்படி அளப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்பூனில் அளந்தால் வழியும், ஒட்டும், அவசரத்தில் இன்னொரு சுற்று தானாக விழும். எண்ணெய்ப் பாத்திரத்தையே தராசில் வைத்து, டேர் பட்டனை அழுத்திப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, எடுத்து வாணலியில் வழக்கம்போல ஊற்றி, மறுபடி தராசில் வையுங்கள். மைனஸ் 28 என்று காட்டினால் 28 கிராம் உள்ளே போயிருக்கிறது. பத்து விநாடி வேலை, கழுவ ஒரு ஸ்பூன்கூட இல்லை. நெய் ஜாடி, சர்க்கரை டப்பா, கடலைமிட்டாய் டப்பா எல்லாவற்றுக்கும் இதே வழிதான். வடை, பூரி சுடும் நாளில் வாணலி எண்ணெயை முன்னால் ஒரு தடவை, ஆறின பிறகு ஒரு தடவை எடை போட்டு, குறைந்ததைப் பலகாரத்தின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒன்று எவ்வளவு குடித்தது என்று தெரிந்துவிடும்.

சாதத்தில் நிறையப் பேர் மாட்டுகிற இடம், வேகாத அரிசியா வெந்த சோறா என்பது. அரிசி 100 கிராம் சுமார் 356 கலோரி, சோறு 100 கிராம் 120, 130தான். ஆப்பில் தவறான வரியைத் தொட்டால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தப்பு. நீங்களே போடுங்கள்: 300 கிராம் அரிசி 1068 கலோரி, குக்கரில் வெந்து 850 கிராம் ஆனால் 100 கிராம் சோறு 126. ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் விடும் அளவு வேறு, அரிசியும் வேறு, அதனால் உங்கள் எண் உங்களுக்கு மட்டும்தான். வடித்துச் சாப்பிடுகிறவர்களுக்குக் கஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்து போய்விடும், இந்தக் கணக்கு சற்று கூடுதலாகவே காட்டும், பரவாயில்லை. இட்லி சுலபம், அரிசி உளுந்து எடையைக் குறித்துக்கொண்டு வந்த இட்லியால் வகுங்கள். தோசைக்கு மேலே விடும் எண்ணெயையும் சேர்க்கணும்.

கோழிக் குழம்பு, மட்டன் என்றால் எலும்பு இருக்கிறது. சாப்பிட்டு முடித்துத் தட்டில் மிஞ்சின எலும்பை எடை போட்டுக் கழித்துவிடுங்கள். இன்னொன்று, குழம்பின் மேலே எண்ணெய் மிதக்கும், மேலாக மொண்டு ஊற்றிக்கொண்டால் எண்ணெய் முழுக்க உங்களுக்குத்தான், அடியோடு கலக்கிவிட்டு ஊற்றுங்கள்.

பொருள்களின் கலோரிக்கு ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணைதான் என் முதல் தேர்வு. நம்மூர் கீரை, பயறு, மீன் எல்லாம் அதில் இருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள், அதில் ஆற்றல் கிலோஜூலில் இருக்கும், 4.184-ஆல் வகுத்தால்தான் நாம் சொல்லும் கலோரி. பாலுக்கு அட்டவணையே வேண்டாம், பாக்கெட்டைப் பாருங்கள். டோன்டு பாலில் 3 சதவீதக் கொழுப்பு, ஸ்டாண்டர்டைஸ்டு 4.5, ஃபுல் கிரீம் 6. நாளைக்கு மூன்று காபி குடிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் நிஜமாகவே பெரிசு.

இவ்வளவு செய்தாலும் நூற்றுக்குப் பத்து முன்னே பின்னே இருக்கும், அட்டவணை எண்களே சராசரிதானே. ஆனால் தினமும் ஒரே முறையில் அளந்தால் போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிடலாம், உடம்பைக் குறைக்க அது தாராளம். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்களுக்கு மட்டும் கலோரி போதாது, மாவுச்சத்துக் கணக்கை டாக்டரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், "அம்மா சமைக்கிறாங்க, தராசோடு பின்னாடியே நிற்க முடியாது" என்று நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நிற்க வேண்டாம், அவர்கள் கைப்பக்குவத்தில் தலையிடவும் வேண்டாம். மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். ஒரு லிட்டர் சுமார் 910 கிராம். நான்கு பேர் வீட்டுக்கு மாதம் 3 லிட்டர் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 23 கிராம், ஏறக்குறைய 205 கலோரி. அதை அன்றாடக் கணக்கில் மொத்தமாகச் சேர்த்துவிட்டு, சோறு, பருப்பு, தேங்காய் மட்டும் அம்மாவிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தேங்காய் அரை மூடியா கால் மூடியா என்று கேட்டால் எந்த அம்மாவும் சொல்லிவிடுவார்.