மறுமொழி: செங்குத்துப் பதாகையில் தமிழ் எழுத்து உடைகிறது

மாமாங்கம் திருவிழாப் பதாகைக்கு "ஸ்ரீ மாமாங்கேஸ்வரர்" என்று மேலிருந்து கீழாக வரைந்தால் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி வரியில் புள்ளிவட்டத்தோடு (துணைக்குறி தனியாக நிற்கையில் வரும் ◌ வட்டம்) விழுகிறது என்று எழுதியிருந்தீர்கள். எழுத்துரு காரணமில்லை, அதை மாற்ற வேண்டாம். உங்கள் நிரல் சொல்லை யூனிகோடு குறியீடுகளாக, அதாவது கணினி சேமிக்கும் தனித்தனிக் குறிகளாக, வெட்டுகிறது. "மாமாங்கேஸ்வரர்" கணினிக்கு 14 குறியீடு, நமக்கு 8 எழுத்து: மா, மா, ங், கே, ஸ், வ, ர, ர். "கே"யில் கொம்பு இடப்பக்கம் தெரிந்தாலும் சேமிப்பில் "க"வுக்குப் பின்னால்தான் நிற்கும். பிரித்தால் உடையத்தான் செய்யும்.

ஜாவாஸ்கிரிப்ட் என்றால் அதிலேயே உள்ள Intl.Segmenter என்ற வெட்டும் கருவியைக் கிராஃபீம் (நாம் ஓர் எழுத்தாகப் பார்க்கும் துண்டு) அளவில் வைத்து வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டையும் முழுதாக, நடுவில் சீரமைத்து வரையுங்கள். "கே" மாதிரி அகலமானவை அப்போதுதான் ஒரே கோட்டில் நிற்கும்.

ஒன்றில் மட்டும் கவனம்: அது "ஸ்ரீ"யை ஸ், ரீ என்று இரண்டாக்கிவிடும். "க்ஷ"வும் அப்படித்தான். இரண்டையும் நீங்களே ஒட்டிவிட வேண்டும். கோயில் பெயரில் ஸ்ரீ உடைந்து நிற்பது பார்க்கவே மனசுக்குக் கஷ்டம்.

அப்புறம், நிரலில் வெட்டாமல் சிஎஸ்எஸ்ஸில் (வலைப்பக்கத் தோற்றத்தை அமைக்கும் மொழி) செங்குத்து வரியாகச் செய்தால் தமிழ் தானாகவே பக்கவாட்டில் சாயும், யூனிகோடு விதி அப்படி. அதில் எழுத்தின் திசையைச் சொல்லும் டெக்ஸ்ட்-ஓரியன்டேஷனை (text-orientation) அப்ரைட் (upright) ஆக்கினால் நிமிரும். நீளமான வாக்கியத்துக்குச் சாய்வே வாசிக்கச் சுகம். பெயருக்கு நிமிர்ந்ததுதான் அழகு.