மகள் மாயக்கதை மட்டும் வாசிக்கிறாள், பழந்தமிழை எங்கே தொடங்குவது?

கேள்வி

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறோம். மகளுக்கு 14 வயது. வகுப்பில் தொடர்ந்து நடந்த கேலியால் பாடசாலைக்குப் போகமாட்டேன் என்று நின்றுவிட்டாள். உளநலக் கிளினிக்கில் காட்டினோம். இப்போதைக்கு வீட்டில் படிக்கட்டும், மெல்ல மெல்லத் திரும்ப அனுப்பப் பார்க்கலாம் என்றார்கள். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ரியூசன் ரீச்சர் ஒருவர் வீட்டுக்கு வருகிறா. தமிழும் ஆங்கிலமும் என் பொறுப்பு.

அவள் வாசிப்பதெல்லாம் மந்திரவாதி, டிராகன், வேற்றுலகம் என்று ஆங்கில மாயக்கதைகள்தான். ரப்பில் இரவு ஒரு மணி வரைக்கும் வாசிக்கிறாள். "பிள்ளைக்கு விசர் பிடிக்கப் போகுது, அதைப் பறிச்சு வை" என்கிறா மாமி.

சாதாரண தரத்தில் தமிழ் இலக்கிய நயம் எடுக்க விருப்பம் என்றாள். புறநானூற்றைக் கொடுத்தேன். அவள் சத்தமாக வாசித்தது "சிற்றில் நற்றூண் பற்றி" என்ற பாட்டு. மகன் எங்கே என்று கேட்பவளுக்குத் தாய் பதில் சொல்லும் பாட்டு அது. பக்கத்தில் இருந்த அம்மம்மா எழும்பிப் போய்விட்டா. என் தம்பியைப் பற்றி 2009க்குப் பிறகு எங்களுக்கு எந்தத் தகவலும் இல்லை. அன்றிலிருந்து பழைய பாட்டே வேண்டாம் என்கிறாள் மகள்.

மாயக்கதையை நிறுத்த வேண்டுமா? எதைத் தெரிந்து கொடுப்பது? பழம்பாடல்களை எங்கே தொடங்குவது?

ஒரு தாய்

பதில்

அன்புச் சகோதரிக்கு,

ரப்பைப் பறிக்க வேண்டாம். கேலிக்கு ஆளான பிள்ளை, யாரும் மதிக்காத ஒருவன் தன் பலத்தைக் கண்டெடுக்கும் கதைகளைத் தேடிப் போவதில் விசர் எதுவும் இல்லை. என்ன வாசித்தாய் என்று கேட்டால் கதையைக் கோர்வையாகச் சொல்கிறாளா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா, ரியூசன் ரீச்சரோடு கதைக்கிறாளா என்று பாருங்கள். இவை இருந்தால் பயமில்லை. குளிப்பு, சாப்பாடு விட்டுப்போனால், கதையில் வருபவர்களின் குரல் தனக்குக் கேட்கிறது என்று சொன்னால், சாவைப் பற்றிக் கதைத்தால், அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காதீர்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

எனக்குக் கவலை தருவது இரவு ஒரு மணிதான். இந்தக் கதைகளில் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு முடிச்சில் நிற்கும்படி எழுதப்பட்டிருக்கும். "அத்தியாயம் முடிந்ததும் படு" என்றால் அடுத்ததைத் திறப்பாள். அத்தியாயத்தின் நடுவில், ஆட்கள் சாப்பிடுகிற, நடக்கிற இடத்தில் நிறுத்தப் பழக்குங்கள். ஒரேயடியாகப் பத்து மணி என்று சொன்னால் சண்டைதான் மிஞ்சும். மூன்று நாளைக்கு ஒருமுறை அரை மணித்தியாலம் முன்னே கொண்டுவாருங்கள். ரப் இரவில் உங்கள் அறையில் சார்ஜ் ஏறட்டும்.

புத்தகம் தெரிவதற்கு அட்டையில் உள்ள வயதை நம்ப வேண்டாம். பதின்ம வயதினருக்கு என்று வரும் தொடர்களில் சிலவற்றில் சித்திரவதையும் படுக்கையறைக் காட்சிகளும் விரிவாகவே இருக்கும். அவை பெரும்பாலும் முதல் அத்தியாயத்தில் இருக்காது. ஆகவே முதலாவது, நடுவில் இரண்டு, கடைசி என்று நான்கு அத்தியாயங்களை நீங்கள் முதலில் பாருங்கள். பார்க்கும்போது இரண்டு கேள்விகள் போதும். மந்திரத்துக்கு விலை உண்டா? அவமானப்பட்டவன் கடைசியில் என்ன செய்கிறான்? நினைத்ததெல்லாம் கைகூடி, கேலி செய்தவர்களை நசுக்குவதோடு முடியும் கதை உங்கள் மகளுக்கு இந்த நேரத்தில் உதவாது. காயத்தை அது சொறிந்துகொண்டே இருக்கும்.

நான் முதலில் வைப்பது உர்சுலா லெ குவின் 1968இல் வெளியிட்ட 'எ விசார்ட் ஒஃப் எர்த்சீ'. தன்னைச் சீண்டியவனுக்குத் திறமையைக் காட்டப்போய், ஒரு பையன் ஒரு நிழலை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். பிறகு அதற்குப் பயந்து ஓடுகிறான். ஓடுவதை நிறுத்தித் திரும்பி அதைத் துரத்தத் தொடங்கும் இடம்தான் புத்தகத்தின் உயிர். பத்தே அத்தியாயங்கள், ஆனால் வசனம் இறுக்கமானது. கடினமாக இருந்தால் டோல்கீனின் 'த ஹொபிட்' (1937) கொடுங்கள். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் ஆறு மாதம் பொறுக்கட்டும்.

இனிப் பழந்தமிழ். மாயக்கதையை ஒரு பக்கமும் இலக்கியத்தை மறுபக்கமும் வைக்கத் தேவையில்லை, மணிமேகலை இருக்கிறது. தூங்கிக்கொண்டிருந்த பெண்ணை ஒரு தெய்வம் வான்வழியே தூக்கிப்போய் மணிபல்லவம் என்ற தீவில் விடுகிறது. விழித்துப் பார்த்தால் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. முற்பிறப்பைக் காட்டும் பீடிகை என்ற ஆசனம், வேற்றுருக் கொள்ளவும் வானில் செல்லவும் பசியை ஒழிக்கவும் மூன்று மந்திரங்கள், அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். மகள் ரப்பில் தேடுவது இதைத்தான். அந்த மணிபல்லவம் நயினாதீவுதான் என்று நம்மவர்கள் சொல்வதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குறிகட்டுவானில் படகேறினால் போய்ப் பார்க்கலாம்.

ஆனால் முதல் வரியிலிருந்து தொடங்கினால் படுத்துவிடும். முப்பது காதைகளில், அதாவது பகுதிகளில், 8 முதல் 11 வரை முதலில் வாசியுங்கள். பிறகு ஆதிரை பிச்சையிடும் 16, காயசண்டிகையின் யானைத்தீ என்ற தீராப் பசி தீரும் 17, சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆகும் 19. சமயவாதமும் தருக்கமும் நிறைந்த 27, 29, 30 இந்த வயதுக்கு வேண்டாம். 6ஆம் காதையைக் கட்டாயம் தள்ளி வையுங்கள். சுடுகாட்டு வருணனையோடு, பேயைக் கண்டு பயந்து செத்த மகனைச் சுமந்துவந்து உயிரைத் திருப்பித் தா என்று தெய்வத்திடம் கேட்கும் தாய் அதில் வருகிறாள். தெய்வத்தால் அது முடிவதில்லை. உங்கள் வீட்டில் அதை எதேச்சையாகத் திறந்துவிடக் கூடாது.

சங்கப் பாட்டு வாரத்துக்கு ஒன்று போதும். குறுந்தொகையிலிருந்து தொடங்குங்கள், நாலு முதல் எட்டு வரிக்குள் முடிந்துவிடும். முதலாவதாக 138, "கொன்னூர் துஞ்சினும்". ஊர் உறங்கியும் உறங்காதவள், நொச்சிப் பூ உதிரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நித்திரை வராத 14 வயதுக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டை நான் அறியேன். ஆவி பிடிக்க ஒடிக்கும் அதே நொச்சிதான். ஒரு கொப்பைக் கொண்டுவந்து மேசையில் வையுங்கள். "மயிலடி இலைய" என்ற இடத்தில் இலையைத் தானாகவே பார்ப்பாள்.

அடுத்தது 66, "மடவ மன்ற". கார்காலத்தில் வருவேன் என்று போனவன் வரவில்லை, மழை வந்துவிட்டது, கொன்றையும் பூத்துவிட்டது. இது பருவமழை இல்லை, கொன்றைக்குத்தான் புத்தி இல்லை என்று தோழி ஒரு பொய் சொல்லித் தேற்றுகிறாள். அந்தப் பொய் சரியா என்று கேளுங்கள், மிச்சத்தை அவளே கதைப்பாள்.

சந்தி பிரித்த பதிப்பையே எடுங்கள். சந்தி பிரிக்காத பதிப்பில் பிள்ளை எழுத்துக் கூட்டிக்கொண்டு நிற்பாள், ஓசை செத்துவிடும். நீங்கள் ஒருமுறை, அவள் ஒருமுறை, இருவரும் சேர்ந்து ஒருமுறை என்று மூன்று தரம் சத்தமாக வாசித்த பிறகே பொருள். சொற்பொருளுக்கு முன், யார் யாருக்குச் சொல்கிறார் என்ற ஒன்றை மட்டும் கேளுங்கள். அகப்பாட்டுக்குள் நுழையும் வாசல் இந்தக் கூற்றுதான். திணை, துறை, உள்ளுறை போன்ற இலக்கணப் பாகுபாடுகள் எல்லாம் பத்துப் பாட்டு மனதில் தங்கிய பிறகு வரட்டும். பெரும்பாலான வகுப்புகளில் இது தலைகீழாக நடக்கிறது. பாட்டு ஆணியில் மாட்டிய சட்டைபோலத் தொங்குவதும் அதனால்தான்.

ஈழத்துப் பூதந்தேவனாரின் ஏழு பாடல்களும் தொகைநூல்களில் உண்டு. அவற்றில் மூன்று குறுந்தொகையில் உள்ளன: 189, 343, 360. பெயருக்காகவே ஒன்றை வாசிக்கலாம்.

புறநானூற்றை மூடிவிட வேண்டியதில்லை, வாசலை மாற்றினால் போதும். 243இல் தடியூன்றிய கிழவர் ஒருவர், மருதமரக் கிளையிலேறி நீரில் குதித்து, அடியிலிருந்து மண் அள்ளிக் காட்டிய இளமையை நினைக்கிறார். குளக்கட்டு மருதமரத்திலிருந்து குதித்த கதை உங்கள் பக்கத்து வயதானவர்கள் எல்லாரிடமும் இருக்கும். அம்மம்மாவை மீண்டும் பாட்டுக்குப் பக்கத்தில் இருத்த இது நல்ல இடம். அடுத்து 192, "யாதும் ஊரே". பாரி மகளிர் பாடிய 112இல் தகப்பனும் இல்லை, குன்றும் இல்லை. அதை நீங்கள் முதலில் தனியே வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

மகள் வாசித்தது 86. அதோடு 278, 279 ஆகிய மூன்றும் போருக்குப் பிள்ளையைக் கொடுத்த தாய்மாரின் பாட்டுகள். 279இல் ஒரே மகனுக்கு எண்ணெய் பூசித் தலை சீவி வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். வன்னியில் இவற்றை "வீரத்தாய்" என்ற பரீட்சைத் தலைப்பின் கீழ் மட்டும் படிப்பிக்க முடியாது. பாடத்திட்டத்தில் வந்தால் பகலில், நீங்கள் இருவரும் மட்டும் இருந்து படியுங்கள், இரவில் வேண்டாம். அந்தப் புலவர் பெருமைப்படுகிறாரா, பதறுகிறாரா என்று கேளுங்கள். இரண்டுக்கும் பாட்டில் இடமுண்டு.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அம்மம்மாவை வருத்தியது தான்தான் என்று மகள் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும், பழைய பாட்டு வேண்டாம் என்பதன் காரணம் அதுவாகவே இருக்கலாம். மாமாவின் பெயரைச் சொல்லி, அம்மம்மா ஏன் எழும்பினா என்று இரண்டு மூன்று வசனத்தில் சொல்லிவிடுங்கள். நீ வாசித்தது பிழையில்லை என்பதையும் சொல்லுங்கள். அம்மம்மா கதைக்க விரும்பினால் கேளுங்கள், விரும்பாவிட்டால் கேட்க வேண்டாம்.

நூல்களுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். சங்க நூல்களை உரையோடு தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும், மூலத்தை மதுரைத் திட்டத்திலும், ஈழத்து நூல்களை நூலகம் தளத்திலும் இலவசமாக வாசிக்கலாம். குறுந்தொகைக்கு உ.வே.சா.வின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பின் உரை உங்களுக்கு, அவளுக்கு அல்ல. இலக்கிய நயப் பாடநூலைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத் தளத்திலிருந்து இறக்கி, அதில் உள்ள செய்யுள்களை முதலில் குறித்து வையுங்கள். 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பதால், வீட்டில் படிக்கும் காரணத்தைக் கிளினிக் கடிதத்தோடு வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவித்துப் பிரதியொன்றை வைத்திருங்கள். பாடசாலைக்குத் திரும்பும்போதும், தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றும்போதும் அது தேவைப்படும்.