சாமுராய் ஊரில் பூதம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கல்சிலை பூதமாக எழுந்து வரும் ஜப்பானிய 'டைமஜின்' பட வரிசையில் எதை முதலில் பார்ப்பது? பெயர்களே குழப்புகின்றன.

குழப்பம் ஆங்கிலப் பெயர்களால் வந்தது. டயேய் என்ற ஜப்பானியப் பட நிறுவனம் மூன்று படங்களையும் 1966-லேயே, ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என்று வெளியிட்டு முடித்துவிட்டது. கடல் தாண்டியபோது இரண்டாவது படத்துக்கு ஓரிடத்தில் 'ரிட்டர்ன்' என்றும் இன்னோரிடத்தில் 'ராத்' என்றும் பெயர் வைத்தார்கள். மூன்றாவதையும் 'ராத்' என்று விற்றவர்கள் உண்டு. ஆகவே பெயரை விட்டுவிட்டு இடத்தைப் பாருங்கள். மலைச்சரிவில் சிலை நின்றால் அது முதல் படம், இயக்கம் கிமியோஷி யசுதா. ஏரியும் நடுவே தீவும் என்றால் இரண்டாவது, கென்ஜி மிசுமி. பனியும் சிறுவர்களும் பருந்தும் என்றால் மூன்றாவது, கசுவோ மோரி. கதைத் தொடர்ச்சி கிடையாது. இருந்தாலும் முதல் படத்திலிருந்தே தொடங்குங்கள். மற்ற இரண்டும் அதன் அச்சில் வார்த்தவைதான்.

ஒரு மணி நேரம் ஓடியும் பூதத்தைக் காணோம். காசு மிச்சம் பிடித்தார்களா?

மிச்சம் பிடித்தார்கள்தான், ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் அல்ல. டயேயின் க்யோட்டோ ஸ்டூடியோ வருடம் முழுக்க சரித்திரப் படம் எடுத்துக்கொண்டிருந்த இடம். கோட்டை வாசல், கிராமத் தெரு, கிமோனோ, வாள், குதிரை எல்லாம் கைவசம் இருந்தன. இயக்கியவர்களும் 'ஜடோயிச்சி' வாள்வீச்சுப் படங்களில் தேறியவர்கள். அந்த வரிசையின் முதல் படமே (1962) மிசுமி எடுத்ததுதான். அதனால் அந்த ஒரு மணி நேரம் பூதத்துக்கு முன்னால் ஒப்பேற்றிய கதை அல்ல, ஒழுங்கான சாமுராய் படம். துரோகம், பத்து வருடத் தலைமறைவு, கூலி வேலைக்கு இழுத்துப் போகப்படும் ஊர் ஜனம் என்று வஞ்சம் அடுக்கடுக்காகச் சேர்கிறது. கடைசி இருபது நிமிடத்துக்கு விலை கொடுப்பது அதுதான்.

முதல் படத்தில் வில்லனின் ஆட்கள் சிலையின் நெற்றியில் பெரிய உளியை அடித்து இறக்கும் இடத்தைக் கவனியுங்கள். கல்லிலிருந்து ரத்தம் வழிகிறது. பிற்பாடு பூதம் தன் நெற்றியிலிருந்து அந்த உளியையே பிடுங்கித்தான் வில்லனைக் குத்தி நிறுத்துகிறது. தள்ளி ஓட்டிப் பார்த்தால் உளி மட்டும் மிஞ்சும், கணக்குத் தீர்ந்த நிறைவு கிடைக்காது.

கோட்ஸில்லா 50 மீட்டர். டைமஜின் வெறும் 4.5 மீட்டர். அது எப்படி அதிகப் பயத்தைத் தருகிறது?

குள்ளமாக இருப்பதால்தான். 50 மீட்டர் மிருகத்துக்கு நாம் எறும்பு. அதற்கு நம்மைத் தெரியாது. 4.5 மீட்டர் உருவம் கூரைக்கு மேலே தலையை நீட்டி, இன்னார் என்று பார்த்துத் தேடும். ஆளைக் கையில் பிடித்துத் தூக்கும்.

தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. உடை மாட்டிய ஆள்தான் மிருகம் என்பதால், 50 மீட்டர் மிருகத்துக்கு 1/25 அளவில் நகரம் கட்ட வேண்டும். 4.5 மீட்டருக்கு 1/2.5 போதும். அந்த அளவில் மரம் மரமாகவே முறியும், ஓடு ஓடாகவே சரியும், தூசி தூசியாகவே எழும். இத்துடன் முழு அளவுச் சிலையும் செய்து வைத்திருந்தார்கள். தனித்தனியாக எடுத்த ஆளையும் பூதத்தையும் ஒரே சட்டகத்தில் ஒட்டிச் சேர்க்க நீலத்திரை. அகிரா இஃபுகுபேயின் இசை ஒவ்வொரு அடியையும் இன்னும் கனமாக்குகிறது.

அந்தக் கண்களுக்கு மோட்டார் வைத்தார்களா?

இல்லை. உடைக்குள் இருந்த ரிகி ஹஷிமோட்டோவின் சொந்தக் கண்கள். முன்னாள் பேஸ்பால் வீரர். இடிபாட்டுத் தூசிக்கு நடுவே இமைக்காமல் நடித்தார், கண் சிவந்துபோனது, அந்தச் சிவப்பு அப்படியே படத்தில் இருக்கிறது. 1972-ல் ப்ரூஸ் லீயோடு மோதும் ஜப்பானிய வில்லனாக இவரைப் பார்த்திருப்பீர்கள்.

வில்லன் செத்த பிறகும் பூதம் ஏன் அப்பாவிகளின் வீட்டை இடிக்கிறது?

சாமி வந்து கெட்டவனை முடித்துவிட்டுக் கிளம்பும் கதை என்று எதிர்பார்த்தால் இங்கேதான் இடறும். ஜப்பானின் பழைய சமயமான ஷின்டோ நம்பிக்கையில் தெய்வத்துக்குச் சாந்த முகமும் உண்டு, 'அரமிதமா' என்ற மூர்க்க முகமும் உண்டு. மூர்க்கம் கிளம்பிவிட்டால் நல்லவன் கெட்டவன் பார்க்காது. அதைத் தணிக்கத்தான் வேண்டும். முதல் படத்தில் ஒரு பெண்ணின் கண்ணீர் தணிக்கிறது. முகத்துக்கு முன்னால் கையை உயர்த்தி இறக்கும்போது ஹனிவா மண்பொம்மையின் அமைதி முகம் அரக்க முகமாகிறதே, அந்த ஒரு அசைவில் இரண்டையும் சொல்லிவிடுகிறார்கள்.

எட்டு வயதுப் பிள்ளையோடு பார்க்கலாமா?

டைமஜின் வேண்டாம், சிலுவையில் கட்டுவதும் உளிக்குத்தும் இருக்கின்றன. அதே நிறுவனத்தின் யோகாய் (ஜப்பானியப் பேய்) படங்களில் 1968 டிசம்பரில் வந்ததைப் போடுங்கள். பாபிலோனிய ரத்தக்காட்டேரி ஒன்று ஜப்பானுக்கு வந்து அதிகாரியின் உருவத்தை எடுத்துக்கொள்கிறது; அதை விரட்ட உள்ளூர் பேய்கள் கூட்டணி போடுகின்றன. கப்பா என்ற ஆற்றுப்பேய், கழுத்து நீளும் பெண், ஒற்றைக்கால் குடைப்பேய் எல்லாம் வரும். குடையைத் தூக்கும் கம்பி தெரியத்தான் செய்யும். பிள்ளைகள் அதற்காகவே திரும்பப் போடச் சொல்வார்கள்.

'நருட்டோ' அனிமேயின் ஜிரையா தவளைமேல் வருவது பழைய படத்திலிருந்து எடுத்ததா?

இரண்டுக்கும் மூலம் ஒன்று: எடோ காலத்து (1603–1868) ஜிரையா கதை. தவளை வித்தைக்கார ஜிரையா, பாம்பு வித்தைக்கார ஒரோச்சிமாரு, சுனடே மூவரும் அதில் இருக்கிறார்கள். 1966 டிசம்பரில் டோயே நிறுவனம் அதைப் படமாக்கியது. கடைசியில் கோட்டைக்கு முன்னால் ராட்சதத் தவளையும் டிராகனும் மோதுகின்றன. பார்த்தால் ஜப்பானிய ஒலியோடு பாருங்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக டப் செய்தவர்கள் கோட்ஸில்லா போன்ற டோஹோ நிறுவன மிருகங்களின் கர்ஜனையை எடுத்து ஒட்டிவிட்டார்கள். தவளை வாய் திறந்தால் வேறு யாரோ கத்துகிறார்கள்.

எடோ காலத்தில் கிங்காங் வரும் படம் எங்கே கிடைக்கும்?

கிடைக்காது. 1938-ல் ஜென்ஷோ என்ற சிறு நிறுவனம் எடுத்த மௌனப்படம். பிரதி எதுவும் மிஞ்சவில்லை. முழுப்படம் என்று யாராவது சுட்டி கொடுத்தால் போலி.

செல்போனில் பத்து நிமிட பூதப் படம் எடுத்தோம். உடையில் குறை இல்லை. ஆனாலும் பொம்மை வீட்டை ஆள் உதைப்பதுபோலவே தெரிகிறது.

நான்கு தப்புகளில் ஒன்றாவது இருக்கும்.

முதலாவது வேகம். கட்டிய மாதிரி வீடு சிறியது என்றால் விழும் நேரமும் குறைவு. அதை நீட்டினால்தான் கனம் வரும். கணக்கு: மாதிரி எத்தனை மடங்கு சிறியதோ அதன் வர்க்கமூலத்தை 24-ஆல் பெருக்குங்கள். 1/2.5 என்றால் நொடிக்கு 38 ஃப்ரேம். 1/25 என்றால் 120. போனில் பொதுவாக 60-ம் 120-ம் இருக்கும், ஆகவே வேகத்துக்கு ஏற்ப மாதிரியைக் கட்டுங்கள். 60 ஃப்ரேமுக்கு 1/6 சரியாகப் பொருந்தும்; 180 சென்டிமீட்டர் கதவு 30 சென்டிமீட்டராகும். எடுத்ததை 24-ல் ஓட்டுங்கள். உடைக்குள் இருப்பவரை மெதுவாக நடக்கச் சொல்லாதீர்கள். அவரும் மெதுவாக, ஃப்ரேமும் மெதுவாக என்றால் தண்ணீருக்குள் நடப்பதுபோல ஆகிவிடும். இயல்பாக நடந்து குதிகாலை அழுத்தி வைக்கட்டும்.

இரண்டாவது கேமரா உயரம். 1/6 ஊரில் மனிதக் கண் தரையிலிருந்து 26 சென்டிமீட்டரில் இருக்கும், லென்ஸும் அங்கேதான் இருக்க வேண்டும். நின்றபடி எடுத்தால் எல்லாம் பொம்மைதான்.

மூன்றாவது பொருள். தெர்மோகோல் உடைந்தால் குண்டுமணியாக உதிர்ந்து காட்டிக்கொடுக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை மெல்லிய பலகையாக வார்த்து, பின்பக்கம் கத்தியால் கோடு கீறி வையுங்கள், கோட்டில் உடையும். தூசிக்கு முல்தானி மிட்டி. சிமென்ட் வேண்டவே வேண்டாம், கண் போய்விடும். தண்ணீரும் நெருப்பும் எந்த மாதிரியிலும் சுருங்காது, சொட்டின் அளவு ஒன்றுதான். சின்ன மாதிரியில் அவற்றைக் காட்டாதீர்கள்.

நான்காவது வெளிச்சம். ஃப்ரேம் கூடினால் ஒளி குறையும். பின்னணி மங்கினாலும் பொம்மைத்தனம் வரும். வெயிலில் எடுத்தால் ஒளிப் பஞ்சம் தீரும். மலிவான எல்.இ.டி. விளக்கு 120 ஃப்ரேமில் மின்னி மின்னிக் கெடுக்கும்.

சுவர் ஒருமுறைதான் உடையும். இரண்டு போன்களை வையுங்கள், ஒன்று தரையோடு, ஒன்று பக்கவாட்டில்.