உலை வாயும் ஊர் வாயும்

கேள்வி: உலகம் மறுபடியும் புதிய அணு உலைகளைக் கட்டக் கிளம்பியிருக்கிறது. இலங்கைக்கும் ஒன்று வேண்டும் என்கிறார்கள். பாதுகாப்பானதா? வந்தால் கரண்ட் பில் குறையுமா?
(ஒரு வாசகி, வெள்ளவத்தை)

பதில்: முதலில் உங்களை எச்சரிக்க வேண்டும். 'அணு உலை' என்று இரண்டாகப் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். தெஹிவளையில் ஒரு பண்டிதர் இருக்கிறார், பதினோரு வருடமாக எனக்கு அஞ்சலட்டை போட்டு வருபவர். 'அணுவுலை' என்று சேர்த்துத்தான் எழுத வேண்டும், நடுவில் வகர உடம்படுமெய் வரும், இதுகூடத் தெரியாதவனுக்கு எதற்குப் பத்திரிகை என்பது அவர் கட்சி. அணுவை எத்தனை துண்டாகப் பிளந்தாலும் அவருக்குக் கவலையில்லை, சொல்லைப் பிளக்கக்கூடாது. இலக்கணப்படி அவர் சொல்வது சரி. அதனாலேயே நான் பிடிவாதமாகப் பிரித்து எழுதி வருகிறேன்.

உலை என்ற சொல்லை யார் தேடிப்பிடித்தார்களோ, நல்ல பொருத்தம். யுரேனியம், நியூத்திரன் என்ற பூச்சாண்டிகளைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தால் அங்கே நடப்பது தண்ணீர் கொதிப்பதுதான். நீராவி சுழலியைச் சுற்றும், சுழலி மின்சாரம் தரும். நுரைச்சோலையிலும் அதே சமையல். அங்கே 900 மெகாவாட்டுக்காக வருடத்துக்கு 20 இலட்சம் தொன்னுக்கு மேல் நிலக்கரியைக் கப்பலில் கொண்டுவந்து கொட்டுகிறோம். அதே அளவு அணு மின்சாரத்துக்கு வருடத்துக்கு முப்பது தொன் எரிபொருள் தாராளம்.

ஒரே ஒரு வித்தியாசம். சோற்று உலையில் விறகை வெளியே இழுத்தால் கதை முடிந்தது. அணு உலையை நிறுத்தினாலும் தணல் அடங்காது. நிறுத்திய கணத்தில் மொத்த வெப்பத்தில் ஆறேழு வீதம் உள்ளேயே இருக்கும். 1,000 மெகாவாட் மின்சாரம் தரும் நிலையம் உள்ளே அதைப்போல மூன்று மடங்கு வெப்பத்தைக் கிளப்பும், ஆகவே அந்த ஆறேழு வீதம் ஏறத்தாழ 200 மெகாவாட் வெப்பம். அதைத் தணிக்க நாள்கணக்கில் தண்ணீர் ஓட வேண்டும், தண்ணீரை ஓட்ட மின்சாரம் வேண்டும். ஊருக்கே மின்சாரம் கொடுக்கிற இடம், தனக்கு மின்சாரம் கேட்டு நிற்கும். புகுஷிமாவில் 2011 மார்ச் 11ஆம் திகதி நடந்தது அதுதான். நிலம் நடுங்கியதும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காகத்தான் நின்றன. பின்னால் வந்த சுனாமி டீசல் ஜெனரேற்றர்களை மூழ்கடித்தது. மிச்சத்தைத் தணல் பார்த்துக்கொண்டது.

ஜெனரேற்றர் என்றதும் என் சொந்தக் கதை ஒன்று. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி, நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அந்தப் பகல். (அனுமன் பகிடியை எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள், நான் தொடவில்லை.) எங்கள் தொடர்மாடியின் லிப்டில் நானும், நான்காம் மாடி அன்ரியும், அன்ரியின் பையில் ஒரு பாரை மீனும். இருட்டு. "தம்பி, ஜெனரேற்றர் இருக்குத்தானே, இப்ப போடுவாங்கள்" என்றார் அன்ரி. இருந்தது. டீசலும் நிறைய இருந்தது. ஜெனரேற்றர் அறையின் சாவி மட்டும் காவலாளியிடம் இருந்தது. காவலாளி ஹட்டனில், மச்சானின் கல்யாண வீட்டில் இருந்தார். நாற்பது நிமிடம். முதல் பத்து நிமிடம் அன்ரி பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். அடுத்த பத்து நிமிடம் நான் அடிப்படை மின்னியல் சொன்னேன். கடைசி இருபது நிமிடம் மீன் மட்டும்தான் பேசியது. பிறகு குடியிருப்பாளர் கூட்டம் போட்டுச் சாவிக்கு மூன்று நகல் வெட்டுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். தீர்மானம் இன்னும் நோட்டிஸ் பலகையில் இருக்கிறது. நகல்தான் வெட்டவில்லை.

ஆகவே உலை பாதுகாப்பானதா என்று என்னைக் கேட்காதீர்கள். சாவி யாரிடம் என்று கேளுங்கள்.

ஒனகாவா என்று ஜப்பானில் இன்னொரு அணு மின் நிலையம் இருக்கிறது. 2011 நிலநடுக்கத்தின் மையத்துக்குப் புகுஷிமாவைவிடக் கிட்ட இருந்தது அதுதான். அங்கேயும் 13 மீற்றர் உயரத்தில் கடல் எழும்பி வந்தது. ஆனால் அந்த நிலையத்தைக் கட்டும்போதே, பழைய சுனாமிக் கதைகளை மறக்காத ஹிராய் யானோசுகே என்ற பொறியியலாளர், கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 15 மீற்றர் உயரத்தில்தான் தரை இருக்க வேண்டும் என்று அடம்பிடித்திருந்தார். வீண் செலவு என்று முணுமுணுத்திருப்பார்கள். சுனாமி வந்தபோது அவர் உயிரோடு இல்லை, நிலையம் தப்பியது. வீடிழந்த ஊர்க்காரர் முந்நூறுக்கு மேற்பட்டோர் எங்கே போய்த் தங்கினார்கள் தெரியுமா? அதே அணு மின் நிலையத்தின் விளையாட்டு மண்டபத்தில், மாதக்கணக்கில். நம் ஊரில் அப்படி ஒரு பிடிவாதக்காரர் இருந்தால் அவரை எந்தத் திணைக்களத்துக்கு இடமாற்றியிருப்போம் என்பதுதான் எனக்குள்ள அணுப் பயம்.

'உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது' என்பார்கள். செர்னோபில்லில் அது தலைகீழாய்ப் போனது. 1986 ஏப்ரல் 26 அதிகாலை உலை வாய் பிளந்து கிடந்தது, மூடியது ஊர் வாயை. பக்கத்து நகரமான பிரிப்பியாட்டின் சனங்களை வெளியேற்றவே ஒன்றரை நாள் ஆனது. உலகத்துக்கு விஷயம் எப்படித் தெரிந்தது? 28ஆம் திகதி காலை சுவீடனில், ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், ஃபோர்ஸ்மார்க் அணு மின் நிலையத்தில் ஒரு ஊழியரின் சப்பாத்தில் கதிரியக்கம் இருப்பதாகக் கருவி அலறியது. வெளியே போகிறவரின் சப்பாத்தில் இருந்தால் தங்கள் உலையில் கோளாறு என்று எடுத்துக்கொள்ளலாம். உள்ளே வருகிறவரின் சப்பாத்தில் அல்லவா இருக்கிறது! மாஸ்கோ அன்று மாலைதான் வாய் திறந்தது. அந்தத் தூசு நம் தேத்தண்ணிக் கோப்பை வரைக்கும் வந்தது: இறக்குமதிப் பால்மாவைக் கதிரியக்கத்துக்குச் சோதிக்கும் வழக்கம் கொழும்பில் அதன் பிறகு வந்ததுதான்.

இவ்வளவும் சொன்னாலும் நான் எதிரணி இல்லை. நூறு கோடி அலகு மின்சாரத்துக்கு எத்தனை உயிர் என்று கணக்குப் போட்டவர்கள் இருக்கிறார்கள். விபத்தையும் காற்று மாசையும் சேர்த்து நிலக்கரிக்கு ஏறத்தாழ 25 உயிர். அணுவுக்கு, செர்னோபில்லையும் புகுஷிமாவையும் சேர்த்தே, 0.03. நுரைச்சோலைச் சாம்பல் தங்கள் வீட்டுக்குள் வருகிறது என்று அங்குள்ளவர்கள் வருடக்கணக்கில் முறையிடுகிறார்கள். அதைப் பற்றி யாரும் எனக்குக் கேள்வி அனுப்புவதில்லை. சாம்பலுக்கு அணுவைப் போல ஒரு கவர்ச்சி கிடையாது.

அப்புறம் கூடங்குளம். கற்பிட்டியிலிருந்து கோடு போட்டால் 225 கிலோமீற்றர். 1,000 மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன, இன்னும் நான்கு கட்டுகிறார்கள். அதாவது ஆபத்தில் நமக்கும் ஒரு பங்கு ஏற்கெனவே இருக்கிறது. மின்சாரத்தில்தான் இல்லை.

ஆனால் அந்த அளவு உலை நமக்குச் சரிவராது. நாடு முழுவதுக்கும் மாலை உச்ச நேரத்தில் 2,500 முதல் 3,000 மெகாவாட் வரைதான் தேவை, நள்ளிரவில் அதில் பாதி. ஒரே அடுப்பில் 1,000 மெகாவாட்டை ஏற்றி, அது சட்டென்று நின்றால் தீவே இருளும். இருண்டால் தணலைத் தணிக்க டீசல் வேண்டும். 2022இல் டீசலுக்கு நாம் நின்ற நிலை நினைவிருக்கிறதா? அணு உலையும் பிளாஸ்டிக் கானோடு, முச்சக்கரவண்டிகளுக்குப் பின்னால், கியூஆர் காட்டிக்கொண்டு நிற்பதாக எனக்கு அடிக்கடி கனவு வருகிறது. சிறிய உலை என்று இப்போது பேசுகிறார்கள். ரஷ்யாவின் வடகோடியில் பெவெக் துறைமுகத்தில் 35 மெகாவாட் உலைகள் இரண்டைச் சுமந்துகொண்டு ஒரு கப்பல் மிதக்கிறது. நமக்கு அளவு அதுதான். ஆனால் அந்த வகையில் வரைபடங்கள் அதிகம், ஓடுகிறவை குறைவு. பொறுத்திருந்து வாங்குவதில் வெட்கமில்லை.

ஒன்று மட்டும் என் வழக்கமான வயிற்றெரிச்சல். 2014ஆம் ஆண்டுச் சட்டம் அணுசக்திச் சபையையும் அதைக் கண்காணிக்கும் பேரவையையும் வெவ்வேறாகப் பிரித்து வைத்திருக்கிறது. நல்ல காரியம். எச்சரிக்கைப் பலகையின் தமிழை யார் கண்காணிப்பது? அரச பலகைகளின் தமிழைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதி எழுதி என் பேனா தேய்ந்துவிட்டது. கால் விடுபடும், கொம்பு இடம் மாறும், யாரும் கவலைப்படுவதில்லை. 'உள்ளே வர வேண்டாம்' என்பதில் ஓரெழுத்து தப்பி 'உள்ளே வர வேண்டும்' என்று உலை வாசலில் எழுதி மாட்டினால், மும்மொழியிலும் பாதுகாப்பு அறிவித்தாயிற்று என்று கோப்பை மூடிவிடுவார்கள். சிங்களம் தெரிந்தவர் பிழைத்துக்கொள்வார். பண்டிதர் மட்டும் பலகையின் முன் நின்று அஞ்சலட்டை எழுதிக்கொண்டிருப்பார்.

மறந்துவிட்டேன், பில்லைக் கேட்டீர்கள். குறையாது. அணு உலையில் எரிபொருள் மலிவு, கட்டுவதுதான் யானை விலை. பங்களாதேஷ் ரூப்பூரில் 2,400 மெகாவாட்டுக்கு 12 பில்லியன் டொலருக்கு மேல், பெரும்பகுதி ரஷ்யக் கடன். பிலிப்பைன்ஸ் 1976இல் பட்டான் என்ற இடத்தில் ஒன்றைக் கட்டத் தொடங்கியது, 2 பில்லியன் டொலருக்கு மேல் விழுங்கியது. கட்டி முடிகிற நேரத்தில் செர்னோபில்லும் ஆட்சி மாற்றமும் வந்தன. எரிபொருளே ஏற்றாமல் பூட்டிவிட்டார்கள். கடனை மட்டும் 2007 வரை கட்டினார்கள், ஒரு குண்டு பல்புகூட எரியாத கரண்டுக்கு. உங்கள் பில்லுக்கு வீட்டில் மின்விசிறியாவது சுற்றுகிறது.